இடது கைக்கு மரியாதை

நம் ஊரில் இடது கைக்கு என்றைக்குமே மரியாதை கிடையாது. கடைக்காரரிடம் இடது கையால் ஒரு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிப் பாருங்கள். நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று பார்ப்பதற்கு முன்னால், ‘அந்தக் கையால தாங்க அண்ணாச்சி’ என்பார். கல்யாணப் பத்திரிகை, திருநீறு, அல்வாப் பொட்டலம் எல்லாமே வலது கைக்குத்தான். இடது கைக்கு மிஞ்சியது வாட்ச் மட்டும்.

இப்படி நாம் ஒதுக்கி வைத்த கைக்கு மாதச் சம்பளம் கொடுக்கிற ஒரு தொழில் இருக்கிறது. வீட்டுக்கு பிளான் போடுகிற தொழில்.

எனக்கும் பிளானுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. நான் பி.காம். வாழ்நாளில் ஸ்கேல் வைத்து நான் போட்ட நேர்கோடுகள் எல்லாம் டோட்டலுக்குக் கீழே போட்ட ரெட்டைக் கோடுகள்தான். ஆனால் என் அத்தான், அதாவது அக்கா வீட்டுக்காரர், பாளையங்கோட்டையில் ஒரு மாடியில் பிளான் ஆபீஸ் வைத்திருக்கிறார். மாதம் ஒரு தடவை ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கப் போவேன். சம்பளம் ஒரு காபி, இரண்டு உளுந்தவடை, ‘எண்ணெய்ப் பலகாரம் தின்னேன்னு ஒங்க அக்காட்ட மூச்சு விட்ராத மாப்ளே’ என்று ஒரு ரகசியம்.

ஆபீஸில் ஒரே ஒரு தம்பி. இருபத்துமூன்று வயசு. பாலிடெக்னிக் முடித்து, மூன்று மாதம் ஆட்டோகேட் கோர்ஸும் முடித்தவன். (என் அக்கா ரொம்ப நாள் ஆட்டோகேட் என்றால் கார் வந்தால் தானாகத் திறக்கிற கேட் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ‘நம்ம வீட்டுக்கும் ஒண்ணு போடுங்களேன்’ என்று அத்தானைக் கேட்டதாகக் கேள்வி.) தம்பி தினமும் அம்பாசமுத்திரத்திலிருந்து ரயிலில் வந்து போகிறான். சாயங்காலம் செங்கோட்டை பாசஞ்சரைப் பிடித்துவிட்டால் அம்மா கையால் ராத்திரிச் சாப்பாடு. விட்டுவிட்டால் ஜங்ஷனில் புரோட்டா, அதற்கப்புறம் பஸ். நான் போன நாளெல்லாம் புரோட்டா நாளாகவே இருந்தது.

‘ஏம்டே, தெனமும் லேட்டாவுது?’

‘வேல முடியல்லண்ணே. அந்த வீட்டு கிச்சனை மாத்தச் சொல்லிட்டாவ.’

‘நேத்தும் அதத்தான சொன்ன?’

‘நேத்து அக்னி மூலையில இருந்து எடுக்கச் சொன்னாவ. இன்னைக்கு அங்கனயே திருப்பி வைக்கச் சொல்லுதாவ.’

அத்தானின் தீர்ப்பு வேறு. ‘இந்தக் காலத்துப் பயலுவளுக்குக் கையில வேகம் இல்ல மாப்ளே.’

அத்தான் போர்டில் தொழில் படித்தவர். அந்தப் பலகை இன்னும் ஆபீஸ் மூலையில் நிற்கிறது. இப்போது அதில் மளிகைக் கடை காலண்டர் தொங்குகிறது. டிராஃப்டர், டிரேசிங் பேப்பர், ரோட்ரிங் பேனா, அம்மோனியா பிரிண்ட் என்று ஆரம்பித்தால் அவர் நிறுத்தமாட்டார். அம்மோனியா நெடியில் கண் எரிந்ததைக்கூடக் கல்யாண விருந்து மாதிரி வர்ணிப்பார். ஆனால் போகிற போக்கில் அவர் சொன்ன ஒரு விஷயம் எனக்கு ரொம்ப முக்கியமாகப் பட்டது.

‘டிரேசிங் ஷீட்ல இங்க்ல போட்ட கோட்டை அழிக்கணும்னா பிளேடை வச்சுச் சுரண்டணும். ஒரே எடத்துல ரெண்டு தடவைக்கு மேல சுரண்டினா பேப்பர் ஓட்டையாயிரும். அதனால பார்ட்டிகிட்ட மொதல்லயே சொல்லிருவோம். ரெண்டு வாட்டிக்கு மேல மனசை மாத்தப்படாதுன்னு.’

கவனித்தீர்களா? அந்தக் காலத்தில் வீட்டுக்காரர் மனசுக்கு ஒரு எல்லை இருந்தது. அந்த எல்லை டிரேசிங் பேப்பரின் கனம். கம்ப்யூட்டர் வந்ததும் பேப்பர் ஓட்டையாவது நின்றுவிட்டது. மனசு மாறுவதும் நிற்கவில்லை. அந்தத் தம்பி மெதுவாக வேலை செய்யவில்லை. ஒரே வீட்டைப் பதினேழு தடவை வரைந்துகொண்டிருந்தான்.

சரி, அவன் எப்படித்தான் வரைகிறான் பார்ப்போம் என்று ஒரு நாள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

பி.காமில் மேனேஜ்மென்ட் பேப்பர் படித்தவர்களுக்கு ஃபிராங்க் கில்பிரத் என்ற பெயர் ஞாபகம் இருக்கலாம். அமெரிக்கர். கொத்தனாராக வாழ்க்கையை ஆரம்பித்தவர். ஒரு செங்கலை எடுத்து வைக்கக் கொத்தனார் 18 அசைவுகள் அசைகிறார் என்று எண்ணிப் பார்த்து, அதை 5 ஆகக் குறைத்துக் காட்டியவர். பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கல்லும் சாந்தும் கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும்படி சாரத்தில் ஒரு தட்டு வைத்தார். கொத்தனார் ஒவ்வொரு கல்லுக்கும் குனிவது நின்றது. அசைவுகளுக்கு ‘தெர்ப்ளிக்’ என்று பெயர் வேறு வைத்தார். கில்பிரத்தைத் திருப்பிப் போட்டால் ஏறக்குறைய அதுதான் வரும். நம்மில் யாராவது தன் பெயரைத் திருப்பிப் போட்டுத் தத்துவம் கண்டுபிடித்திருந்தால் வீட்டில் வேப்பிலை அடித்திருப்பார்கள்.

தம்பியும் குனிந்துகொண்டுதான் இருந்தான், மவுஸால். ஒரு கோட்டை நறுக்க வேண்டும். மவுஸ் படத்திலிருந்து கிளம்பி மேலே உள்ள பட்டைக்குப் போகிறது. அங்கே சின்னதாக ஒரு படம். அதைத் தேடி அமுக்குகிறது. திரும்பிப் படத்துக்கு வருகிறது. எந்த இடத்தில் விட்டோம் என்று தேடுகிறது. நறுக்குகிறது. அடுத்த கோட்டை நீட்ட வேண்டும். மறுபடி மேலே பயணம். இவ்வளவு நேரமும் இடது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று நினைக்கிறீர்கள்? கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது!

எனக்குத் தெரிந்த ஒரே சாஃப்ட்வேர் டேலி. பெங்களூரில் 1986ல் பிறந்த சரக்கு. டேலி தட்டுகிறவனுக்கு மவுஸ் என்பது பிள்ளையார் வாகனம், அவ்வளவுதான். எஃப் 5 பேமெண்ட், எஃப் 6 ரசீது, எஃப் 7 ஜர்னல், எஃப் 8 சேல்ஸ், எஃப் 9 பர்ச்சேஸ். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் விரல் சொல்லும். ‘இதுலயும் இந்த மாதிரி இருக்காடே?’ என்று கேட்டேன். ‘இருக்குண்ணே, கோர்ஸ்ல சொல்லிக் குடுத்தாவ. பரிட்சையோட மறந்து போச்சு’ என்றான்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து படித்தோம். நான் எதற்கு என்று கேட்காதீர்கள். வடை ஆறுகிற வரைக்கும் பொழுது போக வேண்டாமா?

முதல் ஆச்சரியம், டேலிக்காரனின் எஃப் 8. ஆட்டோகேடில் எஃப் 8 அடித்தால் சேல்ஸ் வராது. கோடு கோணாமல் நேராகப் படுக்கும், அல்லது நேராக நிற்கும். ஆர்த்தோ என்று பெயர். இந்த ஒரு வசதி மட்டும் டேலியின் எஃப் 8ல் இருந்திருந்தால் எத்தனை பேருடைய சேல்ஸ் கணக்கு நேராகியிருக்கும்!

அடுத்தது கட்டை விரல். ஆட்டோகேடில் என்டர் தட்டுவதற்கு என்டர் சாவியைத் தேடிப் போக வேண்டாம். ஸ்பேஸ்பார் போதும். இடது கைக் கட்டை விரல் எப்படியும் அதன் மேலேதான் சும்மா கிடக்கிறது. அது மட்டுமில்லை. ஒரு வேலை முடிந்ததும் சும்மா ஒரு தட்டு தட்டினால் கடைசியாகச் செய்த வேலையை மறுபடி செய்யத் தயாராகிவிடும். பத்து ஜன்னலுக்குப் பத்துக் கோடு போட வேண்டுமானால் ஒரு தடவை பெயர் சொன்னால் போதும், மீதி ஒன்பதுக்குத் தட்டு. தவில்காரர் மாதிரி.

அப்புறம் எழுத்துகள். கோட்டுக்கு ‘எல்’. சுவரின் மறுபக்கக் கோட்டுக்கு ‘ஓ’, அதாவது ஆஃப்செட். 9 என்று அடித்தால் ஒன்பது இன்ச் சுவர், நாலரை என்றால் நடுச்சுவர். நறுக்க ‘டி.ஆர்.’ நீட்ட ‘இ.எக்ஸ்.’ மூலை சேர்க்க ‘எஃப்’. இது ஃபில்லெட். மூலையை உருட்டுவதற்கு வந்த கட்டளை. ஆரத்தைப் பூஜ்யம் என்று வைத்தால், சேராமல் நிற்கிற இரண்டு கோடுகளும் மீனாட்சி கல்யாணம் மாதிரி கச்சிதமாகக் கை கோர்த்துக்கொள்ளும். பூஜ்யம் என்று தனியாக அடிக்கக்கூட வேண்டாம், இரண்டாவது கோட்டைத் தொடும்போது ஷிஃப்டை அமுக்கினால் போதும். நறுக்கி, நீட்டி, மறுபடி நறுக்கி என்று தம்பி மூலைக்கு மூலை பட்ட பாடு ஒரு விரலில் முடிந்தது. மவுஸ் சக்கரத்தை டபுள் கிளிக் செய்தால் படம் முழுக்கத் திரைக்குள் வந்து உட்காரும். இதைத் தெரிந்துகொள்ளாமல் சக்கரத்தை உருட்டி உருட்டித் தன் சொந்த வீட்டையே தொலைத்துவிட்டுத் தேடுகிற ஆட்கள் உண்டு.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்யவில்லை. நாளைக்கு ஒரு எழுத்து. அன்று முழுக்க அந்த வேலைக்கு மட்டும் பட்டைப் பக்கம் மவுஸ் போகக் கூடாது. போனால் காபிக் காசு அவன் கொடுக்க வேண்டும். முதல் வாரம் வேகம் கூடவில்லை, குறைந்தது. அத்தான் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வேலைக்காரப் பையனைக் கெடுக்க வந்த மைத்துனன் என்ற பார்வை அது. இரண்டாம் வாரம் இடது கை கன்னத்தை விட்டு இறங்கிவிட்டது.

பிறகு தம்பியே ஒரு படி மேலே போனான். எந்த வேலைக்கு எந்த எழுத்து என்பதெல்லாம் ‘ஏகேட் டாட் பிஜிபி’ என்ற ஒரு சின்ன ஃபைலில் இருக்கிறது. நமக்குப் பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம். காப்பி எடுக்க ‘சி.ஓ.’ என்று இரண்டு எழுத்து, ‘சி’ என்ற ஒற்றை எழுத்தோ வட்டத்துக்கு. ‘நம்ம ஊர் வீட்டுல வட்டம் எங்கண்ணே வருது? தூண் கூடச் சதுரம்தான். கெணத்துக்கு மட்டும் வரும், அதுவும் இப்ப யாரு வெட்டுதா?’ என்று ‘சி’யைக் காப்பிக்குக் கொடுத்துவிட்டான். நகர்த்துகிற ‘எம்’ இடது கைக்கு எட்டவில்லை என்று அதை ‘வி’யில் உட்கார வைத்தான். சாந்துச் சட்டியைக் கைக்கு எட்ட வைத்த கில்பிரத்தேதான்! என்ன, வேறொரு ஆபீஸ் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்தால் காப்பி எடுக்கப் போன இடத்தில் கிணறு வரும்.

இரண்டு கையாலும் வரைவது புது விஷயம் என்று நான் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, ஆரம்பமே அப்படித்தான். 1963ல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் தன் டாக்டர் பட்டத்துக்கு ஸ்கெட்ச்பேட் என்று ஒரு புரோகிராம் எழுதினார். திரையில் நேரடியாகப் படம் வரைகிற இந்த வம்சத்துக்கெல்லாம் பாட்டையா அதுதான். அவருடைய ஆய்வேட்டில் ஒரு போட்டோ. சதர்லேண்ட் கையில் ஒளிப்பேனா. எதிரே பொத்தான்கள் வைத்த ஒரு பெட்டி. எந்த வேலை என்று பொத்தான் சொல்ல, எந்த இடம் என்று பேனா காட்டும். திரையில் என்ன தெரிகிறது தெரியுமா? ஒரு பாலத்தின் பகுதி!

பாலம் என்றதும் நமக்கு வேறு எது ஞாபகம் வரும்? ஜங்ஷனுக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே தாமிரபரணி மேல் நிற்கிற சுலோசன முதலியார் பாலம். கலெக்டர் ஆபீஸ் உத்தியோகஸ்தரான சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டு 1843ல் கட்டி முடித்த பாலம். பதினொரு வளைவுகள். தம்பி தினம் அதன் மேல்தான் வருகிறான். ‘இத வரையணும்னா எவ்ளோ நேரம் ஆவும்டே?’ என்றேன். ‘ஒரு வளைவு வரையத்தாண்ணே நேரம். மிச்சம் பத்துக்கு அரே குடுத்தா ஒரு நிமிஷம் ஆவாது’ என்றான். ஒரு வளைவு, எத்தனை வேண்டும், எவ்வளவு தள்ளி. மூன்று கேள்விதான். 1840களில் அதைக் காகிதத்தில் வரைந்தவர் பதினொரு தடவையும் காம்பஸைக் குத்தியிருப்பார், பாவம்.

சதர்லேண்டின் புரோகிராமில் இன்னொன்று இருந்தது. மூலப்படம் ஒன்றை வைத்துக்கொண்டு அதன் நகல்களை எங்கே வேண்டுமானாலும் நடலாம். மூலத்தை மாற்றினால் நகல் எல்லாம் மாறும். ஆட்டோகேடில் இதுதான் ‘பிளாக்’. 1982 நவம்பரில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் காட்டி, டிசம்பரில் விற்பனைக்கு வந்த சரக்கு ஆட்டோகேட். ஜான் வாக்கரும் கூட்டாளிகளும் கம்பெனி ஆரம்பித்தபோது நாலைந்து பொருள்களுக்குத் திட்டம் போட்டார்கள். ஆட்டோடெஸ்க் என்பது அதில் ஒன்று, ஆபீஸ் காகிதங்களை ஒழுங்குபடுத்துகிற புரோகிராம். அது போணியாகவில்லை, பெயர் மட்டும் கம்பெனிக்கு நின்றுவிட்டது. பட்டியலில் இருந்த வரைகிற புரோகிராம்தான் பிய்த்துக்கொண்டு ஓடியது. அல்வாக் கடையில் மிக்சர்தான் விற்றது என்கிற மாதிரி.

தம்பி அதுவரை ஒவ்வொரு கதவையும் ஒவ்வொரு தடவையும் கையால் வரைந்துகொண்டிருந்தான். மூன்றடிக் கதவை மூன்றரை ஆக்கு என்று வீட்டுக்காரர் சொன்னால் ஏழு கதவிலும் ஏழு தடவை வேலை. பிளாக் ஆக்கிய பிறகு ஒரு கதவைத் திறந்து திருத்தினால் ஏழும் திருந்தும். (பிள்ளைகள் விஷயத்திலும் இப்படி ஒரு வசதி வந்தால் தேவலை.)

இந்த இடத்தில் என் பி.காம். மூளை வேலை செய்தது. ஆட்டோகேடில் லேயர் என்று ஒன்று உண்டு. சுவருக்கு ஒரு லேயர், கதவுக்கு ஒன்று, அளவுக்கு ஒன்று, தண்ணீர்க் குழாய்க்கு ஒன்று. வேண்டாததை அணைத்துவிட்டு வேண்டியதை மட்டும் பார்க்கலாம். தம்பி எல்லாவற்றையும் லேயர் ஜீரோவில் கொட்டி வைத்திருந்தான். ‘ஏலேய், லேயர்ங்கது லெட்ஜர்டா! ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பக்கம். லேயர் ஜீரோன்னா சஸ்பென்ஸ் அக்கவுண்ட். எல்லாத்தையும் சஸ்பென்ஸ்ல போட்டா ஆடிட்டர் என்ன செய்வான்?’ என்றேன். அவனுக்கு ஆடிட்டர் பயம் கிடையாது என்றாலும் புரிந்துகொண்டான். பர்ஜ் என்ற கட்டளை, கடையில் விற்காமல் கிடக்கிற பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி செய்வது. எக்ஸ்ப்ளோட் என்ற கட்டளை, கட்டி வைத்த வவுச்சர் கட்டைப் பிரித்துக் காற்றில் விடுவது. அவசரத்துக்கு எக்ஸ்ப்ளோட் செய்கிறவன் கையில் பிறகு பிளாக்கும் இருக்காது, பொறுமையும் இருக்காது.

இந்த சாஃப்ட்வேருக்குக் கொடுக்கிற பணம் பற்றியும் ஒரு வார்த்தை. 2016லிருந்து புதிதாக வாங்குகிறவர்களுக்கு நிரந்தர லைசென்ஸ் கிடையாது, சந்தாதான். சொந்த வீட்டுக்கு பிளான் போடுகிற சாஃப்ட்வேர் மட்டும் வாடகை வீடு! மாணவர்களுக்கு இலவசமாகக் கல்வி லைசென்ஸ் உண்டு, சம்பாதிக்கிற வேலைக்கு அது ஆகாது. லிப்ரேகேட், ஃபிரீகேட் என்று இலவசமானவையும் இருக்கின்றன. பென்டிரைவில் யாரோ கொண்டுவந்து போட்டுக் கொடுக்கிற இன்னொரு வகையைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. கணக்கு எழுதுகிறவன் கண்ணால் பார்த்ததை எல்லாம் எழுதக் கூடாது.

விரல் வேகம் மட்டும் போதாது என்பதை ஒரு அண்ணாச்சி வந்து காட்டினார்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நான் ஞாபகப்படுத்த வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. தாமிரபரணி கரையைக் கேட்காமல் ஊருக்குள் வந்தது. ஆற்றை ஒட்டிய ஒரு தெருவில் அண்ணாச்சியின் பழைய வீட்டில் ஜன்னல் கட்டை வரைக்கும் தண்ணீர். ஆச்சியை, அதாவது அவருடைய அம்மாவை, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனார்களாம். அந்த வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போகிறார். மனை ஐந்து சென்ட். 33 அடிக்கு 66 அடி. பிளான் முடிந்து, அண்ணாச்சி பார்த்து, சரி என்று சொல்லி, எல்லாம் ஆன பிறகு ஒரு நாள் வந்து நின்றார்.

‘தரை மட்டத்த ரெண்டு அடி ஒசத்திருங்க. ராத்திரி மழ பேஞ்சா எங்க அம்மைக்கு ஒறக்கம் இல்ல.’

கேட்பதற்குச் சின்ன விஷயம். ஆனால் ஆட்டோகேடில் பிளான் ஒரு படம், குறுக்குவெட்டு ஒரு படம், முகப்பு ஒரு படம். ஒன்றுக்கொன்று பேச்சுவார்த்தை கிடையாது. ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் போய் உயர்த்த வேண்டும். ஒன்றை மறந்தால் பிளானில் ஏழு படி, முகப்பில் மூன்று படி. ரெவிட் மாதிரி சாஃப்ட்வேர் வந்தது இதற்குத்தான். 2000த்தில் வெளியாகி, 2002ல் ஆட்டோகேட் கம்பெனியே 13 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கிய சரக்கு. அதில் கோடு வரைவதில்லை, சுவர் கட்டுகிறோம். தரை மட்டத்தை ஒரு இடத்தில் உயர்த்தினால் அதோடு கட்டியிருக்கிற சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் சேர்ந்து எழுந்திருக்கும். வெட்டுப்படமும் முகப்பும் தானாக மாறும். அத்தானிடம் சொன்னேன். ‘அதுக்கு இந்த டப்பா தாங்காது மாப்ளே’ என்று கம்ப்யூட்டரைக் காட்டினார். அது நிஜம்.

அதோடு, ரெவிட்டே இருந்தாலும் அடுத்த கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்காது. ஒன்றரை அடி உயரத்துக்கு அரையடிப் படியாக மூன்று படி இருந்தது. மூன்றரை அடி என்றால் ஏழு படி. படிக்குப் பத்து இன்ச் அகலம் என்றால் கூடுதல் நாலு படிக்கு நாற்பது இன்ச், மூன்றடி நாலு இன்ச், வீட்டுக்கு முன்னால் இடம் வேண்டும். கார் நிற்கிற இடத்தில் கை வைக்க வேண்டும். ஆச்சிக்கு முட்டு வலி. சரிவுப் பாதை போடலாம் என்றால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம்; 42 அடி ஓடும். மனையின் நீளமே 66.

இதற்கு நடுவே ஃபைல்களின் கதையைப் பாருங்கள். அண்ணாச்சி வீட்டுக்கு மட்டும் கம்ப்யூட்டரில் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் 2’, ‘ஒரிஜினல் ஃபைனல்’, ‘அண்ணாச்சி ஓகே’, ‘அண்ணாச்சி ஓகே புதுசு’, ‘இதுதான்’ என்று ஆறு ஃபைல். எது உண்மையான ஃபைனல் என்று தம்பிக்கு மட்டும் தெரியும். அவனுக்கும் புரோட்டா சாப்பிட்ட பிறகு தெரியாது. நான் கேள்விப்பட்ட இன்னொரு ஆபீஸில், பேர் வேண்டாம், கொத்தனார் கையில் இருந்தது பழைய பிரிண்ட். ஒன்றரை அடி தள்ளிக் குழி தோண்டியாகிவிட்டது. தோண்டின ஜே.சி.பி.க்கும் வாடகை, மூடின ஜே.சி.பி.க்கும் வாடகை. வேகமாக வரைந்து மிச்சம் பிடித்த மணி நேரமெல்லாம் அந்தக் குழிக்குள் போயிற்று. இப்போது விஷயம் இன்னும் கறார். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்று முறை வந்துவிட்டது. 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை வீடு என்றால் ஆன்லைனில் உடனே அனுமதி. ஆனால் படத்தில் உள்ளது சரி என்று கையெழுத்துப் போட்டு நிற்பது வீட்டுக்காரர். அவர் ‘ஃபைனல் 2’க்குக் கையெழுத்துப் போட்டு ‘இதுதான்’ கட்டினால் என்ன ஆகும்?

ஆகவே இரண்டு பேரும் உட்கார்ந்து ஆறு ஃபைலையும் ஒன்றாக்கினோம். ஒரு வீட்டுக்கு ஒரே ஃபைல். பிளான், வெட்டு, முகப்பு மூன்றும் அதற்குள்ளே, ஒன்றன் கீழ் ஒன்று. தரைமட்டக் கோடு மூன்றுக்கும் கண்ணுக்கு எதிரே நிற்கும், மறக்க முடியாது. பழையது வேண்டுமென்றால் தேதி போட்டுத் தனி ஃபோல்டரில் கிடக்கும். ஒவ்வொரு பிரிண்டின் மூலையிலும் தேதி, எத்தனையாவது திருத்தம் என்ற எண்.

ஆச்சியை அண்ணாச்சி ஒரு நாள் ஆபீஸுக்கே அழைத்து வந்தார். மாடி ஏறி வந்த மூச்சு அடங்கவே பத்து நிமிஷம் ஆயிற்று. தம்பி ஏழு படியைத் திரையில் காட்டினான்.

‘எய்யா, இம்புட்டுப் படி ஏறுததுக்கு நான் தோரணமலைக்கே போயிருவேனே. புண்ணியமாவது கெடைக்கும்.’

‘சரிவா போட்டிருவமா ஆச்சி?’ ‘வி’, தட்டு, ‘ஓ’, தட்டு. சரிவுப் பாதை வீட்டைச் சுற்றிப் பாம்பு மாதிரி ஓடியது. ‘இது தேர் ஓடுத வீதியால்லா இருக்கு’ என்றார் ஆச்சி. அப்புறம் அவரே கேட்டார். ‘நடுவுல உக்காந்து எந்திரிக்க ஒரு திண்ணை வைக்க முடியாதா?’

தம்பி நிமிர்ந்து பார்த்தான். பிறகு இடது கை கிளம்பியது. 42 இன்ச்சை எட்டாகப் பிரித்தான். படிக்கு ஐந்தேகால் இன்ச். நாலு படி, ஒரு திண்ணை, அப்புறம் நாலு படி. இரண்டு பக்கமும் கைப்பிடி. திண்ணைக்காகப் படியைப் பக்கவாட்டில் திருப்பினதில் கார் நிற்கிற இடமும் தப்பியது. முழுசாக வெட்டுப்படத்தோடு காட்டி முடிக்க அரை மணி. ஆச்சி திரையில் இருந்த திண்ணையை விரலால் தொட்டுப் பார்த்தார். பிளேடு காலத்தில் மூன்றாவது யோசனைக்கு அத்தானின் பேப்பர் தாங்கியிருக்காது. அத்தானே அதைச் சொன்னார், கொஞ்சம் கோபமாக.

இவ்வளவும் நடந்து, தம்பி தினமும் பாசஞ்சரைப் பிடிக்கிறானா? வாரத்தில் மூன்று நாள் பிடிக்கிறான். மற்ற நாள் பிடிக்காததற்குக் காரணம் அவனுடைய வேகமேதான். பையன் சீக்கிரம் முடிக்கிறான் என்று தெரிந்ததும் அத்தான் இரண்டு பிளான் அதிகமாக ஒத்துக்கொண்டுவிட்டார். காஸ்ட் அக்கவுண்டன்சி படித்தவனுக்கு இது புதுசு இல்லை. மிச்சமான நேரத்துக்குச் சொந்தக்காரன் யார் என்று எழுதி வைக்காவிட்டால் அது முதலாளி கணக்கில் வரவாகிவிடும். ஆகவே நானே ஒரு யோசனை சொன்னேன். முதல் இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து காசு, அதில் பாதி தம்பிக்கு. பில்லில் அதற்குப் பெயர் ‘பிளேடு சார்ஜ்’. ஆச்சிமார்களுக்கு மட்டும் விலக்கு. அத்தான் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, வடையும் ஒன்றாகக் குறைந்தது. ஆனால் பில் போட ஆரம்பித்ததும் வாடிக்கையாளர்களின் மனசு இரண்டு தடவையோடு நிற்கத் தொடங்கியது. அந்த அக்னி மூலைக் கிச்சன்காரர் மறுநாளே ‘இருந்த எடத்துலயே இருக்கட்டும்’ என்று போன் பண்ணிவிட்டார்.

அண்ணாச்சி வீட்டு வேலை ஆரம்பித்துவிட்டது. புது விதிப்படி, பழைய பிரிண்டைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது பிரிண்ட். போன வாரம் கொத்தனார் வந்து புதுசை வாங்கிக்கொண்டார். பழசைக் கேட்டால் மடியிலிருந்து எடுக்கமாட்டேன் என்றார். தம்பி கையைப் பிடித்து இழுக்கிற அளவுக்குப் போனான். கடைசியில் விரித்துக் காட்டினார். பின்பக்கம் முழுக்கச் சித்தாள் சம்பளக் கணக்கு. இரண்டு வாரத்துக்கு, ஆள்வாரியாக, அட்வான்ஸ் கழித்து, டோட்டலுக்குக் கீழே ரெட்டைக் கோடு.

‘இதக் கிழிச்சியள்னா சனிக்கெழம சம்பளம் யாரு குடுப்பா?’ என்றார்.

கணக்கு ரொம்பச் சுத்தமாக இருந்தது. பின்பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, முன்பக்கத்தை வாங்கிக்கொண்டோம். ஜெராக்ஸ் இரண்டு ரூபாயை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று அத்தான் கேட்டார். சஸ்பென்ஸில் போட்டிருக்கிறேன்.